சத்துணவுச் சமையல் குறிப்பு: எடையிட்டு எழுதப்பட வேண்டிய உரிமை

பள்ளி உணவில் சாதி பற்றி நாம் பேசும்போது, சமைப்பவர் யார், உண்ண மறுப்பவர் யார் என்ற கேள்விகளே முன்னிற்கின்றன. அவை முதன்மையான கேள்விகள்தாம். ஆனால் அண்டாவில் எதை, எவ்வளவு, எந்த வரிசையில் இட வேண்டும் என்று எழுதி வைக்கும் தாள் நம் கவனத்திற்கு அநேகமாக வருவதில்லை. தரப்படுத்தப்பட்ட சமையல் குறிப்பு என்று உணவியலாளர்கள் அழைக்கும் அந்தத் தாளை ஒரு சட்ட ஆவணமாகப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். குழந்தைக்குச் சேர வேண்டிய உணவை எடையில் உறுதி செய்வது அதுதான். தலித் சமையலரின் மீது சுமத்தப்படும் ‘சமையல் சரியில்லை’ என்ற பழியைச் சோதித்துப் பார்க்க உதவுவதும் அதுதான். ஆகவே அதை யார் எழுதுகிறார்கள், அது எங்கே இருக்கிறது, அதை யார் படிக்க முடிகிறது என்பவை சமூகநீதியின் கேள்விகளாகும்.

கருணையிலிருந்து உரிமைக்கு

1920இல் பிட்டி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது அதன் வரம்பு. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிவு பெற்றது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டு, படிப்படியாகக் கூடி, 2010இல் வாரத்திற்கு 5 முட்டை என்ற நிலையை எட்டியது. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் பல்வகைக் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் முன்னோடித் திட்டமாக அறிமுகமாயின. 2022 செப்டம்பர் 15 அன்று மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது.

இந்த வரலாறு வழக்கமாக ஆட்சியாளர்களின் கொடையாகவே சொல்லப்படுகிறது. நாம் அதைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையொன்றைப் பிறப்பித்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளின் ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவு, ஆண்டில் குறைந்தது 200 நாள் வழங்கப்பட வேண்டும் என்றது அந்த ஆணை. அன்றுமுதல் பள்ளி உணவு என்பது எண்களால் அளக்கத்தக்க கடமையானது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த அளவை உயர்த்தியது. அதன் 2ஆம் அட்டவணைப்படி, தொடக்க நிலை மாணவருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், உயர் தொடக்க நிலை மாணவருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். இதை அடைவதற்கு ஒன்றிய அரசின் திட்ட நெறிகள் பொருள்களின் எடையைக் குறிக்கின்றன. தொடக்க நிலைக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். உயர் தொடக்க நிலைக்கு முறையே 150, 30, 75, 7.5 கிராம். தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்திலும் ஒரு குழந்தைக்கு அரிசி, ரவை, சேமியா போன்றவற்றில் ஒன்று 50 கிராமும், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராமும் என்று அளவு வகுக்கப்பட்டுள்ளது.

இங்கே ஓர் இடைவெளி உண்டு. சட்டம் கலோரியில் பேசுகிறது. திட்ட நெறி கிராமில் பேசுகிறது. குழந்தையின் தட்டில் விழுவதோ கரண்டியில் அளக்கப்படுகிறது. சட்டத்திலிருந்து கரண்டி வரை ஒரு கணக்கு தொடர்ந்து வர வேண்டுமானால், இடையில் எழுதப்பட்ட சமையல் குறிப்பு இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் சட்டம் தந்த உரிமை மீண்டும் ஒருவரின் கையளவுக்குத் திரும்பிவிடுகிறது.

தரப்படுத்தல் என்றால் என்ன

வீட்டுச் சமையல் குறிப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ‘தேவையான அளவு உப்பு’, ‘ஒரு கை பருப்பு’ என்று எழுதினால் அது தரப்படுத்தப்பட்ட குறிப்பாகாது. அதே பொருள்கள், அதே முறை, அதே பாத்திரங்கள் என்ற நிலையில் யார் சமைத்தாலும் அதே அளவும் அதே தரமும் கொண்ட உணவு கிடைக்கிறதா என்று பலமுறை சமைத்துப் பார்த்து, திருத்தி, மீண்டும் சமைத்து உறுதி செய்யப்பட்ட குறிப்பே தரப்படுத்தப்பட்டதாகும். அதில் பின்வருவன இடம்பெற வேண்டும்.

1. உணவின் பெயர், எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கை, எந்த வகுப்பினருக்கு என்ற விவரம்.

2. ஒவ்வொரு பொருளின் எடையும் கிலோ, கிராம், லிட்டர் அளவில். படி, ஆழாக்கு, தம்ளர் போன்றவை ஊருக்கு ஊர் மாறுவதால் அவற்றை மட்டும் நம்பக்கூடாது.

3. காய்கறிக்கு இரண்டு எடைகள்: வாங்கும்போது உள்ள எடை, தோலும் காம்பும் நீக்கி நறுக்கிய பின் உள்ள எடை. 5 கிலோ வாழைக்காய் வாங்கினால் அண்டாவில் 5 கிலோ சேராது.

4. செய்முறை படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரத்தோடு. பருப்பு எந்தப் பதத்தில் வெந்திருக்க வேண்டும், காய் எப்போது சேர வேண்டும் என்பவை உட்பட.

5. பாத்திரத்தின் கொள்ளளவும் அடுப்பின் வகையும்.

6. சமைத்து முடித்தபின் கிடைக்கும் மொத்த எடை.

7. ஒரு குழந்தைக்கான பரிமாறும் எடையும், அது எத்தனை கரண்டி என்பதும், அந்தக் கரண்டி எவ்வளவு கொள்ளும் என்பதும்.

8. ஒரு பங்கில் உள்ள கலோரி, புரதம்.

9. பாதுகாப்புக் குறிப்புகள்: கைகழுவுதல், குடிநீர், மூடி வைத்தல், சமைத்த உணவைச் சூடு ஆறுமுன் பரிமாறுதல், மீந்ததை மறுநாளுக்கு வைக்காமை.

இவற்றுள் 6ஆம், 7ஆம் கூறுகளே உரிமையின் பார்வையில் மிக முக்கியமானவை. எவ்வளவு பொருள் வாங்கப்பட்டது என்பதைப் பதிவேடு சொல்லும். குழந்தைக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை இந்த இரண்டு எண்கள் மட்டுமே சொல்லும்.

நூறு குழந்தைகளுக்கு ஒரு கணக்கு

தொடக்க நிலையில் 100 குழந்தைகளுக்குச் சாம்பார் சாதம் சமைப்பதாகக் கொள்வோம். மேற்கண்ட நெறிப்படி அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, காய்கறி 5 கிலோ, எண்ணெய் அரை கிலோ. திட்ட நெறியின் கணக்கில் 100 கிராம் தானியம் 340 கலோரியும் 8 கிராம் புரதமும் தரும். 20 கிராம் பருப்பு 70 கலோரியும் 5 கிராம் புரதமும் தரும். காய்கறி 25 கலோரி, எண்ணெய் 45 கலோரி. மொத்தம் 480 கலோரி, 13 கிராம் புரதம்.

சட்டம் கோருவது 450 கலோரியும் 12 கிராம் புரதமும். அதாவது, எல்லாப் பொருளும் முழு எடையில் சேர்ந்தாலும் சட்டத்தின் எல்லைக்கு மேல் 30 கலோரியும் 1 கிராம் புரதமுமே மிஞ்சும். இந்த மெல்லிய இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டு கீழ்வரும் கணக்கைப் பார்க்க வேண்டும். 10 கிலோ அரிசிக்குப் பதிலாக 9 கிலோ இட்டால் ஒரு குழந்தைக்கு 34 கலோரி குறைந்து, உணவு 446 கலோரிக்கு இறங்கிவிடும். 2 கிலோ பருப்பில் 400 கிராமுக்கு மேல் குறைந்தால் புரதம் 12 கிராமுக்குக் கீழே போகும். 1 கிலோ குறைந்தால் 10.5 கிராம்தான் மிஞ்சும். சாம்பார் நீர்த்திருக்கிறது என்று குழந்தைகள் சொல்லும்போது, அது சுவை பற்றிய குறையாகவே கேட்கப்படுகிறது. எடையில் பார்த்தால் அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீறலாக இருக்கக்கூடும்.

ஒரு முட்டை ஏறத்தாழ 6 கிராம் புரதம் தரும். அதைச் சேர்த்துப் பார்த்தால் பருப்பில் ஏற்பட்ட குறை கணக்கில் மறைந்துவிடும். தமிழ்நாட்டில் முட்டை போராடியும் வாதாடியும் கூட்டப்பட்ட கூடுதல் உரிமை. பருப்புத் திருட்டை மூடும் துணியாக அது பயன்படக்கூடாது. எனவே குறிப்பில் முட்டையின் சத்தைத் தனி வரியில் எழுத வேண்டும். முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. அதில் முட்டைக்கு ஈடான புரதம் இல்லை என்பதால், அந்தக் குழந்தையின் தட்டில் பருப்பு குறைந்தால் இழப்பு நேரடியாகத் தெரியும்.

இனி பரிமாறும் அளவு. சோதனைச் சமையலில் மேற்சொன்ன பொருள்கள் 40 கிலோ சாம்பார் சாதமாக வந்தன என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தையின் பங்கு 400 கிராம். கரண்டி 200 கிராம் கொள்ளுமானால் இரண்டு கரண்டி. ‘சாம்பார் சாதம், ஒருவருக்கு இரண்டு கரண்டி, வேண்டுவோர்க்கு மறுமுறையும் உண்டு’ என்று பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால், எட்டு வயதுக் குழந்தையும் தன் உரிமையைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ள முடியும். தொடக்க நிலையும் உயர் தொடக்க நிலையும் ஒரே வளாகத்தில் இருந்தால் இரண்டு அளவுகளையும் எழுத வேண்டும்.

எண்ணிக்கையை மாற்றும்போது கவனம் தேவை. அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றை ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப நேராகப் பெருக்கலாம். தண்ணீரும் உப்பும் காரமும் அப்படிப் பெருக்கத் தக்கவையல்ல. பெரிய அண்டாவில் ஆவியாகும் நீரின் விகிதம் குறைவு. 25 பேருக்கான நீரை நான்கால் பெருக்கி 100 பேருக்கு ஊற்றினால் சோறு குழைந்துவிடும். ஆகவே 25, 50, 100, 200 என்ற ஒவ்வோர் அளவிலும் தனித்தனியே சமைத்துப் பார்த்தே குறிப்பை எழுத வேண்டும். இந்த அறிவு நம் சத்துணவு மையப் பெண்களிடம் ஏற்கெனவே உள்ளது. எழுத்தில் ஏறாததால் அது அறிவாக மதிக்கப்படுவதில்லை.

‘சமையல் சரியில்லை’ என்னும் முகமூடி

பள்ளியில் உணவும் சாதியும் மோதிய வரலாறு நமக்குப் புதிதன்று. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி இட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய போராட்டம் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. ஏறத்தாழ நூறாண்டு கழித்தும் கேள்வி தீரவில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அருந்ததியர் சமூகத்துச் சமையலர் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் அவரையே இடமாற்றம் செய்தனர். போராட்டங்களுக்குப் பிறகே அந்த ஆணை விலக்கப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் பட்டியல் சாதிப் பெண்கள் சமைத்த காலை உணவை உண்ணப் பிள்ளைகளை விடாமல் பெற்றோர் தடுத்ததாகச் செய்திகள் வந்தன. ஆட்சியரும் அமைச்சரும் நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது.

இத்தகைய எதிர்ப்பு எப்போதும் சாதியின் பெயரைச் சொல்லி வருவதில்லை. ‘உப்பு கூடிவிட்டது’, ‘சுத்தமில்லை’, ‘பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று புகார் மனு எழுதப்படும். அதிகாரிக்கும் அது வசதியாக இருக்கும். சாதிப் புகாராக எடுத்துக்கொண்டால் அவர் சட்டப்படி செயல்பட வேண்டும். சமையல் புகாராக எடுத்துக்கொண்டால் ஒரு பெண்ணை இடமாற்றம் செய்தால் போதும்.

இந்த இடத்தில்தான் எழுதப்பட்ட குறிப்பு சாட்சியாகிறது. ஒரே குறிப்பு, ஒரே கிடங்கின் அரிசி, எடைபோட்ட உப்பு, நேரம் குறித்த சமையல், சுவைத்துப் பார்த்தவரின் கையெழுத்து ஆகியவை பதிவேட்டில் நாள்தோறும் இருக்குமானால், ‘உப்பு கூடிவிட்டது’ என்ற புகாரைச் சோதித்துப் பார்க்க முடியும். பரிமாறுமுன் ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறி. அந்தப் பதிவேட்டில் முன்பிருந்த சமையலரின் காலத்தில் கையெழுத்துகள் நிறைந்திருந்து, தலித் சமையலர் வந்த நாள்முதல் அவை நின்றுபோயிருந்தால், அந்த வெற்றுப் பக்கங்களே ஒரு சான்று. புகார் மனுக்கள் எந்தத் தேதியில் தொடங்கின என்பதையும், அந்தத் தேதியில் மாறியது குறிப்பா, பொருளா, சமையலரா என்பதையும் வழக்கறிஞர் கேட்க முடியும்.

சட்டத்தின் நிலை பின்வருமாறு. உணவுரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர ஆணையிட்டது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ), பட்டியல் சாதியினர் ஒருவர் வேலையில் ஈடுபடுவதைத் தடுப்பதையும், பிரிவு 3(1)(இசட்சி), சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும் அதற்கு மிரட்டுவதையும் குற்றமாக்குகின்றன. ஒரு பெற்றோர் தம் பிள்ளையை உணவுக்கு அனுப்பாததை மட்டும் வைத்துக் குற்றத்தை நிறுவுவது கடினம். பள்ளியைப் பூட்டுவது, பிற பெற்றோரைத் தடுப்பது, சமையலரை மாற்றாவிட்டால் பிள்ளைகளை நிறுத்துவோம் என்று கூடி மிரட்டுவது ஆகியவை வேறு தளத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கான காரணம் உணவன்று, சாதியே என்று காட்டும் பொறுப்பு வழக்கு நடத்துபவர் மீது விழுகிறது. உணவின் தரம் எழுத்தில் நிறுவப்பட்டிருந்தால் அந்தப் பொறுப்பு எளிதாகும்.

குறிப்பை எழுதும் கை யாருடையது

தரப்படுத்தல் தன்னளவில் நடுநிலையானதன்று. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவரின் நாக்கே குறிப்பில் பதிவாகும். கர்நாடகத்தில் பள்ளிகளுக்கு உணவு வழங்கும் அட்சய பாத்திரம் அறக்கட்டளை தன் சமையலில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. உணவுரிமைச் செயல்பாட்டாளர்கள் அதைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினர். அதே மாநிலத்தில் 2021 டிசம்பரில் பள்ளிகளில் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். ஒரு சமயப் பிரிவின் ஆசாரம் பல லட்சம் குழந்தைகளுக்கான ‘பொதுச் சுவை’யாக எழுதப்படும் முறை இது.

நீதிமன்றம் இதைத் திருத்தித் தரும் என்று நாம் நம்பியிருக்க முடியாது. லட்சத்தீவு நிர்வாகம் 2021இல் பள்ளி உணவிலிருந்து இறைச்சியை நீக்கியதை எதிர்த்த வழக்கை, குழந்தைகள் எதை உண்ண வேண்டும் என்று முடிவு செய்வது தன் வேலையன்று என்று கூறி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசு எழுதும் பட்டியலில் நீதிமன்றம் தலையிடாது என்றால், பட்டியல் எழுதப்படும் மேசையில் நாம் இருந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

தமிழ்நாட்டின் சத்துணவுப் பட்டியலில் வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலைப் புலவு, புளி சாதம், எலுமிச்சை சாதம், மீல்மேக்கர் சாதம் என்று பலவும் உள்ளன. விலங்குணவில் முட்டை மட்டுமே உண்டு. சேரியின் அடுப்பில் வேகும் உணவு எதுவும் அரசின் பட்டியலில் தன் பெயரோடு இல்லை. உழைக்கும் சாதிகள் தலைமுறை தலைமுறையாக உடலைத் தாங்கப் பயன்படுத்திய கருவாடு, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, கீரைக் கடையல் போன்றவற்றில் எவை பள்ளி உணவுக்கு ஏற்றவை என்று சோதித்துப் பார்க்கும் குழுவில் தலித் சமையலர்களும் தலித் பெற்றோரும் இருக்க வேண்டும். உணவியல் பட்டம் பெற்றவர் எழுதி, சமையலர் கீழ்ப்படிவது என்ற முறை அறிவின் சாதிப் படிநிலையை அடுப்படியிலும் நிறுவிவிடும். அண்டாவின் முன் நிற்பவர் சமைத்துக் காட்ட, எடைபோட்டு எழுதுபவர் அதைப் பதிவு செய்து, இருவர் பெயரும் குறிப்பில் இருப்பதே முறையானது.

தண்டிக்கும் கருவியாகிவிடாமல்

எழுதப்பட்ட குறிப்புக்கு ஓர் ஆபத்தும் உண்டு. சத்துணவு மையங்களின் சமையலரும் உதவியாளரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வேலை செய்பவர்கள். காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். பொருள் குறைவாக வந்தாலும், காய்கறிக்கான தொகை சந்தை விலைக்குப் போதாவிட்டாலும், ‘குறிப்பில் உள்ளபடி ஏன் சமைக்கவில்லை’ என்ற கேள்வி கடைசியில் நிற்கும் அந்தப் பெண்ணையே நோக்கி வரும். குறிப்பு அவரைக் காக்க வேண்டுமானால் மூன்று விதிகள் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

முதலாவது, அன்றன்று பெற்ற பொருளின் எடையைச் சமையலர் முன்னிலையில் அளந்து, அவர் கையெழுத்தோடு பதிய வேண்டும். குறைவைக் குறைவென்று எழுதும் உரிமை அவருக்கு வேண்டும். இரண்டாவது, குறிப்பின் செலவு ஆண்டுதோறும் சந்தை விலையில் கணக்கிடப்பட்டு, ஒதுக்கீடு அதற்கேற்ப மாற வேண்டும். மூன்றாவது, பொருள் கெட்டிருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் சமையலை நிறுத்தும் அதிகாரம் சமையலருக்கு வேண்டும்.

மூன்றாவது விதி ஏன் என்பதற்கு 2013 ஜூலை 16 போதும். அன்று பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியொன்றில் பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். எண்ணெயைப் பற்றிச் சமையலர் ஐயம் எழுப்பியும் அது புறந்தள்ளப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. தலைமையாசிரியை 2016இல் தண்டிக்கப்பட்டார். சமைப்பவரின் ஐயத்துக்கு எழுத்தில் அதிகாரம் இருந்தால், கேட்காமல் கடந்து செல்வது அத்தனை எளிதாக இராது.

நாம் செய்யக்கூடியவை

மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் தம் பகுதிப் பள்ளியில் இதைத் தொடங்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சமையல் குறிப்பு, பொருள் இருப்புப் பதிவேடு, சுவைத்துப் பார்த்த பதிவேடு, ஆய்வகச் சோதனை முடிவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேட்கலாம். விண்ணப்பத்திற்கு 30 நாளுக்குள் விடை தர வேண்டும். அச்சட்டத்தின் பிரிவு 2(ஜே) ஆவணங்களையும் பணிகளையும் நேரில் ஆய்வு செய்வதையும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதையும் தகவல் உரிமைக்குள் அடக்குகிறது என்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடமும் உண்டு. அந்தக் குழுவில் ‘கரண்டி அளவைச் சுவரில் எழுதுக’ என்ற ஒரு தீர்மானத்தை நிறைவேற்றச் செலவு ஏதுமில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டக் குறைதீர் அலுவலரையும் மாநில உணவு ஆணையத்தையும் சமூகத் தணிக்கையையும் வழங்குகிறது. ‘உணவு சரியில்லை’ என்று எழுதும் புகாரைவிட, ‘100 பேருக்கு 2 கிலோ பருப்பு இட வேண்டிய இடத்தில் 1 கிலோ இடப்பட்டது, புரதம் 10.5 கிராமுக்குக் குறைந்தது’ என்று எழுதும் புகாரை ஒதுக்கிவைப்பது கடினம். 2015ஆம் ஆண்டு விதிகளின்படி உணவு வழங்கப்படாத நாளுக்கு உணவுப் பாதுகாப்புப் படியும் தரப்பட வேண்டும்.

சாதியத் தடை எழுந்தால் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. சமையலரின் வாக்குமூலத்தை எழுதி வாங்க வேண்டும். அன்றைய பொருள் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பரிமாறிய எண்ணிக்கையையும் பாதுகாக்க வேண்டும். இடமாற்ற ஆணை வாய்மொழியாக வந்தால் எழுத்தில் கேட்க வேண்டும். காவல் நிலையம் வழக்குப் பதிய மறுத்தால், கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டும்.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி அழிந்துவிடாது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலிலேயே விளக்கிவிட்டார். சமையல் குறிப்பும் சாதியை ஒழித்துவிடாது. அமைச்சர் ஒருநாள் வந்து உண்டு சென்ற மறுநாளும் அந்தச் சமையலர் அதே பள்ளிக்கு, அதே தெரு வழியே வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த மறுநாளில் அவர் கையில் எடையோடும் நேரத்தோடும் எழுதப்பட்ட, அரசு ஒப்பமிட்ட, அவரும் சேர்ந்து எழுதிய ஒரு தாள் இருக்க வேண்டும். அதன் நகல் சுவரில் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் வேலையை நாம் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.